விக்னேஸ்வரி குலுக்கிய போத்தல்

ஊரைவிட்டு வந்து குடியேறிய டூங்கபியில் விக்னேஸ்வரியின் வீட்டில் குடி என்ற சொல்லுக்கே இடம் கிடையாது. அப்படியிருந்தும் அவளுடைய அலுமாரியில், கூறைச் சேலைக்குப் பக்கத்தில், இருபத்தொரு வருடமாக ஒரு வைன் போத்தல் படுத்துக்கிடந்தது.

கொடுத்தவர் கார்லோ. வீதிக்குத் தார் போடும் வேலையில் அவளுடைய கணவன் ஈஸ்வரமூர்த்திக்கு போர்மன், இத்தாலிக்காரர். மகள் பிரியதர்சினி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே போத்தலோடு வந்தார். பரோலோ என்று பெயர் சொன்னார். இப்போது குடித்தால் துவர்த்துத் தள்ளும், பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகும்போது திறப்போம், அதுவரை இருட்டில் படுக்க வையுங்கள் என்றார். நம்மவர் பிள்ளைக்குக் காப்புப் போடுவதுபோல அவர்களுக்கு இது என்று விக்னேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

"கவனமா வைச்சிரும்," என்றான் ஈஸ்வரமூர்த்தி.

விக்னேஸ்வரி ஒன்றைப் பொறுப்பெடுத்தால் பிறகு அதற்கு நிம்மதி கிடையாது. பரமட்டாவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. அங்கே உப்புப் போத்தலை மூடாமல் வந்துவிட்டேனோ என்று வீட்டில் படுத்தபடி யோசிக்கிற பிறவி. சில வருடங்களில் வைனுக்குள் ஒரு பக்கமாக வண்டல் படிவதைக் கண்டாள். அடியில் படிகிற சாமான் என்று அவளுக்குத் தெரிந்தது ஆயுள்வேதக் கடை அரிட்டம் ஒன்றுதான். அதைக் குலுக்காமல் விட்டால் மருந்தெல்லாம் அடியில் தங்கிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் வீடு கூட்டிய கையோடு போத்தலை எடுத்து, நன்றாகக் குலுக்கி, மறுபடி படுக்க வைத்தாள். புருஷனுக்கு இது தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் அவன் மாரடைப்பில் போனபிறகும் குலுக்கல் நிற்கவில்லை. அவன் ஒப்படைத்துப் போனதென்று அவளிடம் மிஞ்சியது மகளும் அந்தப் போத்தலும்தான்.

மகளின் இருபத்தோராவது பிறந்தநாளன்று கார்லோ ஊன்றுகோலோடு வந்தார். விக்னேஸ்வரி அறைக்குள் போய், கடைசியாக ஒருதரம் கூடுதலாகவே குலுக்கி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே மாரிக் குளம்போல ஒரே கலங்கல்.

"அம்மா, ஷேக் பண்ணினீங்களோ?" என்று கேட்டாள் மகள்.

"ஓம். ஒவ்வொரு வெள்ளியும்."

மகள் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டு கார்லோ வாயைப் பிளந்தார். பழைய வைனை அசைக்கவே கூடாதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். என்ர மனுசன் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் பழுதாக்கிப்போட்டேனே என்று விக்னேஸ்வரிக்கு அழுகை வந்தது.

கார்லோ திட்டவில்லை. போத்தலைக் குசினிச் சுவர்த் தட்டில் நிமிர்த்தி வைத்து, வண்டல் இறங்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி, கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமை அவள் குசினியைக் கூட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்லோ திரும்பி வந்து, வண்டல் அடியிலேயே நிற்கும்படி மெதுவாகச் சரித்து ஊற்றினார். வைன் சிவப்பாக இல்லை; செங்கல் நிறம், கிளாஸின் ஓரத்தில் பால் விடாத பிளேன்ரீ நிறம். ஒரு வாய் உருட்டிக் குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கெட்டுவிட்டதா இல்லையா என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீங்களே பாருங்கள், முதலில் மணந்து பாருங்கள் என்று கிளாஸை அவள் பக்கம் தள்ளினார்.

மணப்பதில் என்ன பாவம் என்று மூக்கைக் கொண்டுபோனாள். முதலில் காய்ந்த ரோஜா. சாமிப் படத்திலிருந்து மறுநாள் கழற்றும் மாலையின் வாசம். அதற்குக் கீழே தார். கொதிக்கிற தார் இல்லை, ஆறிப்போன தார். வேலை முடிந்து வந்தவனின் சேட்டில் ஒட்டியிருந்த அதே மணம். "உந்த உடுப்பை வெளியில கழட்டிப்போட்டு வாங்கோ" என்று எத்தனை பின்னேரம் கத்தியிருப்பாள். அவன் போனபின் அந்தச் சேட்டுகளை மணம் போகத் தோய்த்து யாருக்கோ கொடுத்தவளும் அவள்தான்.

விக்னேஸ்வரி ஒரு வாய் குடித்தாள். மகள் திகைத்துப்போனாள்.

"அம்மா! எப்பிடி இருக்கு?"

"கைக்குது," என்று சொல்லிக் கிளாஸைக் கார்லோவிடம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு."