பிளாக்கிக்குப் பேப்பர் வரும்வரை

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தை சிங்கப்பூர் போவதாக இருந்தது. அப்பாவின் தங்கையான அவள் மலேசியாவில், கிள்ளானில் எங்களோடுதான் இருந்தாள். முப்பத்தெட்டு வயதில் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த சம்பந்தம். திருமணப் பதிவும் ஆகிவிட்டது. மாமா அங்கே வீடு பார்த்து வைத்துக் காத்திருந்தார். எங்கள் நாய் பிளாக்கி இல்லாமல் வரமாட்டேன் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள்.

பாசார் சந்தையில் கிடந்த குட்டியை அவள்தான் தூக்கி வந்து வளர்த்தாள். ஆனால் நான் பள்ளிவிட்டு வந்தால் பையை மோந்து பார்த்துவிட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை அது என் நாய்.

நாயை எல்லை தாண்டிக் கொண்டுபோவது லேசில்லை. கழுத்துத் தோலுக்கடியில் சிப் வைத்தார்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்டார்கள். ரத்தம் எடுத்து அனுப்பி முடிவுக்காகக் காத்திருந்தோம். அங்கே போனதும் சில நாள் தனியாக அடைத்து வைப்பார்களாம். அதற்கும் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். அப்பாவுக்கு அலுத்துவிட்டது.

“என் பாஸ்போர்ட்டே ஒரு மணி நேரத்துல கெடச்சிருச்சு லா,” என்றார்.

கடைசியில் ஆரோக்கியச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. நாய் டாக்டரிடம் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் பிளாக்கியின் பல்லையும் காதையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“கிட்டத்துல யாரையாச்சும் கடிச்சிருக்கா?”

“என்னைக் கடிச்சிச்சு அங்கிள்,” என்றேன்.

சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த முழங்காலைக் காட்டினேன். அவர் அத்தையைப் பார்த்தார். முதல்நாள் நான் விழுந்தபோது ஓடிவந்து தூக்கியவளே அவள்தான். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பிளாக்கியைத் தடவினேன்.

“ஆமா டாக்டர். நான்தான் மருந்து போட்டேன்,” என்றாள் அத்தை.

டாக்டர் பேனாவை மூடினார். கொஞ்ச நாள் கவனித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். சிங்கப்பூரில் பதிந்திருந்த இடமும் கைவிட்டுப் போயிற்று. அடுத்தது கிடைக்க ஒரு மாதமாவது ஆகும். வழியெல்லாம் அப்பா பிளாக்கியைத் திட்டிக்கொண்டே வந்தார். அது என் மடியில் தலைவைத்துத் தூங்கியது.

“டாக்டர் முடியாதுன்னுட்டாருங்க. நான் என்ன செய்யறது,” என்று அன்று சாயங்காலம் மாமாவிடம் போனில் வருத்தமாகச் சொன்னாள் அத்தை. பிறகு பெட்டியில் அடுக்கியிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அலமாரியில் வைத்தாள். எனக்காகத்தான் பொய்க்குத் துணைபோனாள் என்று பூரித்துப்போனேன்.

அடுத்த மாதம் எல்லாப் பேப்பரும் வந்துவிட்டன. கூண்டை வேனில் ஏற்றியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். என்னைக் கட்டிக்கொண்டு அத்தை என்னைவிட அதிகமாக அழுதாள். நாயைத்தான் கூடவே கொண்டுபோகிறாளே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.