இரண்டு பைட் போதும் என்றேன்

1. காலை

டெல்லி ஓக்லா அலுவலகத்தில் நான் நுழைந்தபோது எங்கள் சாக்கெட் சர்வர் ஆம்புலன்ஸ்களின் இணைப்பை ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டிருந்தது. ஓடும் வண்டியில் எடுக்கும் இ.சி.ஜி.யை மருத்துவமனைக்குச் சேர்ப்பது அதன் வேலை. வண்டியிலிருந்த நர்ஸுகள் போனில் சொல்லிச் சமாளித்தார்கள். பழைய வெர்ஷனைப் போட்ட பிறகுதான் சரியானது.

2. காரணம்

வரும் செய்தியின் நீளத்தை ஒரு வேரியபிளில் வைப்போம். புதிய வெர்ஷனில் அது int16, அதாவது இரண்டு பைட். அதில் 32,767 வரைதான் கொள்ளும்; தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். அன்று வண்டிகள் இ.சி.ஜி.யை முதன்முறையாகப் படமாக அனுப்பின. 40,000 பைட் நீளம் மைனஸ் 25,536 ஆனது. நீளம் மைனஸில் வந்தால் சர்வர் இணைப்பை மூடிவிடும்.

3. மீட்டிங்

எங்கள் மேலாளர் கணேசன் சார் சரோஜினி நகரில் வளர்ந்தவர். கோபம் வந்தால் அவர் குரல் தாழும்.

"அச்சா. இந்த int16 யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் ஸ்டெல்லா. வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். பணி உறுதிக் கடிதம் அந்த வாரம் வரவேண்டும்.

"நாலு பைட் வெச்சா உன் பாக்கெட்லேர்ந்தா போகுது?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

அவள் முதலில் எழுதியது நாலு பைட் int32தான். அவள் கோடைச் சரிபார்க்கும் ரிவியூவில் நான் பதினான்கு கமென்ட் போட்டேன். பெரும்பாலும் பெயர்கள், இடைவெளிகள். ஒன்பதாவது: "நம் செய்திகள் சில நூறு பைட்தான். int16 போதும்." மாற்றினாள். நான் அப்ரூவ் செய்தேன்.

மீட்டிங்கிலேயே லேப்டாப்பில் அந்தக் கமென்ட்டைத் தேடினேன். மாற்றியாயிற்று என்று அவள் 'ரிசால்வ்ட்' குறித்திருந்ததால் அது மடிந்து மறைந்திருந்தது. யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

4. இரண்டு நாள் கழித்து

சாரிடம் சொன்னேன்.

"அங்கயே சொல்லிருக்கலாமேம்மா. ப்ரொபேஷனை மூணு மாசம் நீட்டி லெட்டர் போயாச்சு."

எச்.ஆரிடம் பேசினார். கடிதம் மாறவில்லை.

கேன்டீனில் ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

5. இப்போது

ரிவியூவுக்கு உட்காருமுன் பார்க்கும் என் பட்டியலில் இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன.

அ. இங்கே வரக்கூடிய மிகப் பெரிய எண் எது? இன்று வருவது அல்ல, வரக்கூடியது.

ஆ. நான் கேட்டு மாற்றியது உடைந்தால், கேள்வி எழுந்த அறையிலேயே நான் சொல்ல வேண்டும்.

முதல் வரியை ஒவ்வொரு ரிவியூவிலும் டிக் செய்கிறேன். இரண்டாவதற்கு இன்னும் சோதனை வரவில்லை. அதனால் அதன் பக்கத்தில் டிக் இல்லை.