படையலில் மூன்று இலை

போன மாதம் பேரன் புதுக் கார் வாங்கிய ஜோரில் எங்களை எல்லாம் கொல்லிமலைக்கு அள்ளிக்கொண்டு போனான். எழுபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே வரச் சொன்னான். பதினொன்றிலேயே எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திரும்பி இறங்கும்போது பிரேக் சூடாகி, கருகல் வாசனை காருக்குள் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். கிழவனுக்கு என்ன கோளாறு என்று மருமகள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அது ராசுவின் லாரி வாசனை. அவளுக்கு எப்படிச் சொல்வது?

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அடிவாரத்தில் சவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில், வந்து இறங்கும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கை எடை போட்டு வாங்குகிற வேலை. கிழங்கு லாரி ஓட்டியவன் ராசு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், உயிர்ச் சிநேகிதன். ஒரு மத்தியானம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் தங்கை செல்லாயி மோர் ஊற்றினாள். “உப்புப் போதுமுங்களா?” என்று கேட்டாள். உப்பே போடவில்லை. போதும் என்று சொல்லி இரண்டாம் டம்ளரும் வாங்கிக் குடித்தேன். அதற்கு மேல் விளக்கம் உங்களுக்கு வேண்டியிருக்காது.

ஆறு மாதத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ராசு என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தான். நானும் வேலை இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மச்சான் என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பத்திரிகை அடிக்கப் போன இடத்தில்தான் வந்தது வினை. மேலே எந்தக் குலதெய்வம் போடுவது என்று அச்சுக்காரர் கேட்டார். என் அப்பா கொல்லிமலைக் கருப்பு என்றார். ராசுவின் அப்பாவும் அதையே சொன்னார். “ஒரே சாமின்னா ஒரு வரி மிச்சமுங்க” என்றார் அச்சுக்காரர், சந்தோஷமாக. பெரியவர்கள் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே குலதெய்வம் என்றால் பெரும்பாலும் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை, கட்ட முடியாது. ஆனால் மலையில் கருப்புக் கோயில் ஒன்றா இரண்டா? இரண்டு குடும்பமும் பூட்டன் காலத்துப் பஞ்சத்தில் மலையை விட்டு இறங்கியவை. எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று சொல்ல, மலைமேல் திருப்புலி நாட்டில் ஆண்டி என்று எங்களுக்குத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் இருப்பதாக அப்பா கேள்விப்பட்டிருந்தார். பெரியவர்கள் போனால் ஊர் வாய்க்கு அவலாகிவிடும் என்று, கிழங்கு ஏற்றப் போகிற சாக்கில் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள்.

அப்போதுதான் மலைப்பாதையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி தூரம் லாரி போகும், அதற்கு மேல் நடை. வளைவில் வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பாது. நான் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வண்டியும் ராசுவும் பள்ளத்தில். மற்ற நாளானால் “மாப்ள, கட்டையப் போடு!” என்று கத்துவான். அன்றைக்கு “கட்டை!” என்று மட்டும் கத்தினான். நானும் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தன் குலதெய்வத்திடமே, நீ எனக்குக் குலதெய்வமாக இருக்காதே என்று வேண்டிக்கொண்டு மலையேறியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆண்டிக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். கோயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம்.

“எந்த ஊட்டுப் புள்ளைங்க சாமி?”

“எங்க பூட்டன் பேரு நல்லானுங்க. ராசிபுரத்துப் பக்கம் எறங்குனவரு” என்றான் ராசு.

மிளகைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. “நீ யாரு கண்ணு?” என்று என் பக்கம் திரும்பினார்.

வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது உண்மை. வாயில் வரவில்லை. “சடையனுங்க. சேந்தமங்கலம்” என்றேன்.

மனிதர் அப்படியே எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். “ஏ புள்ள, இங்க வா! நல்லான் ஊடும் சடையன் ஊடும் ஒரே நாள்ல வந்திருக்குது பாரு!” என்று உள்ளே மனைவியைக் கூப்பிட்டார். அவருடைய பாட்டனோடு கூடப் பிறந்தவர்களாம் இரண்டு பேரும். இறங்கிப் போனவர்கள் திரும்பவே இல்லை. “வருசா வருசம் கருப்புக்குப் படையல் போடறப்ப மூணு எலை போடுவோமுங்க. ஒண்ணு எங்களுக்கு. ரெண்டு எலை எறங்கிப் போனவங்களுக்கு. திங்க ஆளில்லாம அது காக்காய்க்குத்தான் போவும்.”

சேவல் அடித்தார்கள். சாமைச் சோறு ஆக்கினார்கள். மூன்று இலை போட்டு, எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். “நான் உங்களுக்குப் பெரியப்பன் மொறை. நீங்க அண்ணன் தம்பிங்க, ஒட்டி உக்காருங்க.” என் கண்ணில் நீர் முட்டியது. “மொளவு காரமா சாமி?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். “கண்ணாலம் ஆச்சா?” என்று அடுத்துக் கேட்டார். ராசு இலையை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை. எதற்காக வந்தோம் என்று அந்த மனிதரிடம் கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் போட்ட சோறு அவருக்கே கசந்திருக்கும்.

இறங்கும்போது ஒரு வளைவில் கட்டை போட்டுவிட்டு நான் மறுபடி ஏறவில்லை. பிரேக் வாசனை குப்பென்று அடித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆளே அகப்படலைன்னு சொல்லிரலாம் மச்சான். கீழ யாருக்குந் தெரியாது.”

ராசு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் சரி என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவனுக்கும் அது ஆசைதான், எனக்குத் தெரியும். பிறகு நிமிர்ந்தான்.

“அந்த எலையில உக்காந்து சாப்ட்டுட்டமே, தம்பி.”

அதுவரை அவன் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. நான் கட்டையை எடுத்து லாரியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த தையில் செல்லாயியைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கொடுத்தார்கள். பந்தியில் நான்தான் சாம்பார் வாளி தூக்கினேன். “அண்ணா, நீங்க சாப்ட்டீங்களா?” என்று மணக்கோலத்தில் அவள் கேட்டபோது, வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. பிறகு எனக்கும் கல்யாணமாயிற்று. நல்ல மனுஷி வந்தாள். நோன்புக்கும் நொடிக்கும் போய் வந்து, வருஷம் போகப் போக அந்த அண்ணா எனக்கு நிஜமாகவே பழகிப்போயிற்று.

இப்போது பாதை முழுக்கத் தார் போட்டாயிற்று. சேகோ மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆண்டிப் பெரியப்பன் போன பிறகு அவர் பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், படையல் நின்றுவிட்டதாம். பேரனுக்குப் பெண் பார்த்தபோது சம்பளத்தைக் கேட்டார்கள், சாமியை யாரும் கேட்கவில்லை. ராசுவும் போய்விட்டான்.

இந்தச் சித்திரையில் செல்லாயி போனாள். ராசு இல்லாததால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துப் போடுகிற முறை எனக்கு வந்தது. ஜவுளிக்கடையில் என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அறுபது வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.