இரண்டாம் தட்டில் நடந்த பிழை

மெல்பேர்னுக்குக் கிழக்கே மலைப்பக்கமாக ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. ஒருகாலத்தில் இந்தியாவுக்குக் குதிரை அனுப்பிய வியாபாரி ஒருவர், காஷ்மீரில் பார்த்த முகலாயர் தோட்டத்தை மறக்க முடியாமல், சரிவை நான்கு தட்டுகளாக வெட்டி அமைத்தது. நடுவே நேர்கோட்டில் ஒரு வாய்க்கால். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் சாய்த்து வைத்த கற்பலகைமேல் தண்ணீர் வழிந்து அடுத்த தட்டுக்கு இறங்கும். தட்டுக்குத் தட்டு பத்தொன்பது படிகள். இருபத்திரண்டு நீரூற்றுகளில் அன்று ஒன்பதுதான் வேலை செய்தன. கழிவறை கீழ்த்தட்டில் மட்டும். அதைப் போகுமுன்பே தொலைபேசியில் விசாரித்துவிட்டேன்.

நாங்கள் போனது தோட்டம் பார்க்க அல்ல. என் பேத்திக்கு முப்பத்தொரு வயது, மருந்தாளர். மல்கிரேவில் உள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை பெண் பார்க்க ஆட்கள் வந்து, பார்த்து, சாப்பிட்டு, பிறகு சரிவராது என்று செய்தி அனுப்பினார்கள். இரண்டாவது செய்தி வந்த அன்று அவள் சொன்னாள்: "இனி வீட்ட ஒருத்தரும் வரக்கூடாது. நான் என்ன ஷோரூம் காரோ?"

ஆகவே மூன்றாவது சந்திப்பு வெளியில். ஊரில் இருந்த காலத்தில் இதைக் கோயில் வீதியில் செய்வோம். இரண்டு பகுதியும் தற்செயலாகக் கண்டதுபோல் நின்று கதைப்பது. கலியாணப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. சரிவராவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. உள்ளே எந்த இடம் என்று குறித்தால் தற்செயல் கெட்டுவிடும் என்று தோட்டம், பதினொரு மணி என்று மட்டும் பேசிக்கொண்டோம். அவர்கள் கிரான்பர்ன்காரர், ஐந்து பேர், மாப்பிள்ளைக்கு நீலச் சட்டை. அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்க்க மாட்டேன் என்று பேத்தி சொல்லிவிட்டாள். நான் பார்த்தேன். கண்ணாடி போட்ட, மீசையில்லாத பிள்ளை. மெல்பேர்னில் அப்படி எத்தனை பேர் என்று என்னாலும் எண்ண முடியாது.

மகள் கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். நானும் பேத்தியும் இரண்டாம் தட்டுக்கு ஏறினோம். அங்கே வாய்க்கால் ஓரமாக ஒரு குடும்பம் பாய் விரித்திருந்தது. எண்ணினேன். ஐந்து பேர். ஒருவருக்கு நீலச் சட்டை.

"கிரான்பர்னோ?" என்றேன்.

"ஓம் அங்கிள். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

நடிப்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாய்க்காரி பெட்டியைத் திறந்து றோல்ஸ் தந்தார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

"தம்பிக்கு வேலை நிரந்தரமோ?"

"என்ன அங்கிள், நீங்கள் இமிக்ரேஷனோ?" என்றான் நீலச் சட்டைக்காரன். பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். முன்பு இரண்டு தடவையும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து மகள் மூச்சிரைக்க வந்தாள். குனிந்து என் காதில் சொன்னாள்: "அப்பா, இது அந்த ஆக்கள் இல்லை."

மேலே பார்த்தேன். நான்காம் தட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி ஐந்து பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து முழுத் தோட்டமும் தெரியும்.

பேத்தி படியேறி ஓடினாள். அவர்களை அடைய முப்பத்தெட்டுப் படிகள். நானும் புறப்பட்டேன், ஒன்பதாவது படியில் முழங்கால் மறுத்தது. அவள் திரும்பி இறங்கி வரும்வரை அங்கேயே நின்றேன்.

"என்ன சொன்னவை?"

"வேற இடத்தில பேசி முடிச்சிட்டியளோ எண்டு அந்த அன்ரி கேட்டவ. வந்ததில இருந்து பாத்துக்கொண்டு நிண்டவையாம்."

"என்ர பிழை எண்டு சொல்லன் பிள்ளை."

"சொன்னனான். நம்பேல்லை. அதால ஞாயிறு வீட்ட வரச் சொல்லிப்போட்டன்."

"வீட்டயோ?"

"வேற என்ன செய்யிறது, அம்மப்பா? வீட்டில எண்டால் நீங்கள் ஆள் மாறிக் கதைக்க மாட்டியள்தானே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பேத்தி என் இடது கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், அதே ஐந்து பேர். பேத்தியைக் குசினியைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேநீர்த் தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். கோப்பைகள் கிலுகிலுத்தன. "ஐயாவுக்கு ஏன் கஷ்டம்?" என்று மாப்பிள்ளையின் தாய் இரண்டு தடவை சொன்னார். எல்லோரும் எடுத்த பிறகு மாப்பிள்ளை கதிரையைவிட்டு எழுந்து, வெறுந்தட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்டான். குசினியைக் காட்டினேன்.

பதினொரு நிமிடம் உள்ளே இருவரின் பேச்சுக் கேட்டது. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.