கட்டாத கைக்கு ஆட்டோமேட்டிக்

வாட்ச் கடை கவுன்டரில் நிற்க வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1. கிருத்திகைக்கு மறுநாள்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் மலைப்படியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் காவடிதான். அந்த நாட்களில் எங்கள் கடைக்குப் புது வாட்ச் வாங்க யாரும் வருவதில்லை. வாட்சைக் கழற்றாமல் பொய்கையில் முங்கிவிட்டு, கண்ணாடிக்குள் ஆவி பிடித்துக்கொண்டது என்று ரிப்பேருக்கு வருவார்கள். போன வருஷம் கிருத்திகைக்கு மறுநாள் அப்படி ஒரு வாட்சைத் திறந்து காய வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு அம்மா உள்ளே வந்து, சிவப்பு வெல்வெட் டப்பா ஒன்றை ஷோகேஸ் கண்ணாடி மேல் டொக்கென்று வைத்தார். டப்பா மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

அவருக்குப் பின்னால் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றவர் முனிரத்தினம். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். வைகாசியில் அவர் மகள் தேவகிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் வாட்சும் மோதிரமும் போட வேண்டுமே, அந்த வாட்சை எங்களிடம்தான் வாங்கினார். டப்பாவைக் கொண்டுவந்த அம்மா மாப்பிள்ளையின் தாயார். கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரம் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற குடும்பம்.

"செத்த வாட்ச எம் புள்ளைக்குக் குடுத்துகிறாங்க," என்றார் அந்த அம்மா. "நேத்து மலைக்குப் போவ எடுக்கறோம், நின்னுகினு இருக்குது. கல்யாண வாட்ச் நின்னா இன்னா அர்த்தம்? சொந்தக்காரங்கல்லாம் கேக்கறாங்க."

தேவகிக்கு அது தலை ஆடி. அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆவணி பிறந்ததும் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப்போக வேண்டும். இதற்கு ஒரு வழி சொல்லாமல் ஆவணியில் அழைக்க வர முடியாது என்று அந்த அம்மா கடையில் நின்றுகொண்டே சொல்லிவிட்டார்.

நான் டப்பாவைத் திறந்து வாட்சை எடுத்து ரெண்டு ஆட்டு ஆட்டினேன். நொடி முள் நகர ஆரம்பித்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை.

இதைக் கட்டுவதே இல்லையா என்று கேட்டேன். கல்யாணத்தன்று கட்டினானாம். அப்புறம் சாமி ரூமில், முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்களாம். பெண் வீட்டார் ஆசையாகக் கொடுத்தது, தேய்ந்துவிடக் கூடாதாம். பிள்ளை கையில் தினமும் கட்டுவது நடக்கிற அடியை எண்ணிச் சொல்கிற ஸ்மார்ட் வாட்ச். அதைப் பெருமையாகவே சொன்னார்.

வாட்சுக்குள் இருக்கிற இயந்திரத்தை நாங்கள் மெஷின் என்போம். பேட்டரியில் ஓடுவது குவார்ட்ஸ் மெஷின். கட்டினாலும் ஓடும், டப்பாவில் போட்டாலும் ஓடும், செல் தீருகிறவரை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் மெஷினில் செல் கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு ரோட்டர் இருக்கும். கை அசைந்தால் அது சுற்றும், சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கேறும், அந்த முறுக்கில்தான் முள் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அப்புறம் நின்றுவிடும். நிற்பது அதன் குணம். சாமிக்கு முன்னால் வைத்தால் மட்டும் ஓடிவிடுமா?

2. விற்ற கதை

இந்த வாட்சை முனிரத்தினம் கேட்டு வாங்கவில்லை. அவர் கேட்டது செல் வாட்ச். நான் அப்போது ரிப்பேர் பெஞ்சில்தான் இருந்தேன், என் காதாலேயே கேட்டேன். "பாக்க நல்லா இருக்கணும், டைம் கரெக்டா காட்டணும், செல்லு போடற வாட்சா குடுங்க," என்றார். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

எங்கள் ஓனர் பரந்தாமன் விடுவாரா? மாப்பிள்ளைக்குப் போய் செல் வாட்சா போடுவது, ஆபீஸ் பியூன் கூட அதைத்தான் கட்டுகிறான் என்று ஆரம்பித்தார். வாட்சின் முதுகைத் திருப்பி, கண்ணாடி வழியாக ரோட்டர் சுற்றுவதைக் காட்டினார். செல்லே மாற்ற வேண்டாம், ஆயுசுக்கும் ஓடும் என்றார். மகள் கல்யாணத்தில் தலை குனியக் கூடாது என்று நினைக்கிற ஒரு மனிதரிடம் இப்படிப் பேசினால் அவர் எதைத்தான் வாங்க மாட்டார்?

நான் பெஞ்சிலிருந்தே, மாப்பிள்ளை தினமும் கட்டுகிறவர்தானா என்று கேட்டேன். பரந்தாமன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நசீமா, நீ ரிப்பேரப் பாரு," என்றார். முனிரத்தினம் அந்த 'ஆயுசுக்கும் ஓடும்' என்ற வார்த்தையை அப்படியே கொண்டுபோய் சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறார். அதுதான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது.

இதற்காக ஆட்டோமேட்டிக்கை மட்டம் என்று நான் சொல்லவில்லை. தினமும் கட்டுகிற கைக்கு அது அருமையான மெஷின். நாளுக்குச் சில நொடி முன்னே பின்னே போகும், சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் விட வேண்டும். அதற்குச் சம்மதமானவர்கள் தாராளமாக வாங்கலாம். விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிறவர்களுக்கு அதைத் தலையில் கட்டுவது பித்தலாட்டம்.

3. பரந்தாமன் சொன்ன காரணம்

மாமியார் அம்மா கத்திக்கொண்டிருந்தபோது பரந்தாமன் உள்ளேயிருந்து வந்தார். தான் விற்றது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சாவகாசமாக வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாராவது கீழே போட்டீர்களா என்று கேட்டார். அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி, அதற்கு அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

"மருமகப் பொண்ணு எதுனா கையில எடுத்துச்சாம்மா?"

அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. "ஆங், அவதான் தெனம் தொடைப்பா," என்றார். "இப்பத்தான புரியுது."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ட்வீசரைப் பெஞ்சில் எறிந்துவிட்டேன். யாரும் கெடுக்கவில்லை, கட்டாததால் நின்றது, இதோ ஓடுகிறது பாருங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அந்த அம்மா காதில் வாங்கவில்லை. மருமகள் மேல் பழி போட ஒரு காரணம் கிடைத்த பிறகு ரோட்டராவது ஸ்பிரிங்காவது. முனிரத்தினம் வாசலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டு, மாற்றித் தருகிறேன் என்றார். ஒரு நல்ல செல் வாட்சாக மாற்றிக் கொடுத்தால் அழைக்க வருகிறோம் என்று அந்த அம்மா இறங்கி வந்தார். பரந்தாமன் உடனே சரி என்றார். பெரிய மனது பண்ணுகிறாராம்.

வாட்சைக் கடையிலேயே விட்டுவிட்டு அவர்கள் போனதும் பரந்தாமன் என் மேல் பாய்ந்தார். "கடையில நின்னுகினே கடைக்கு வேட்டு வெக்கிறியா?" என்று கேட்டார். அறியாத பெண் மேல் பழி போட்டா கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று நானும் கேட்டேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். என்னை விட்டால் அவருக்கு மெஷின் பிரிக்க ஆளில்லை. எனக்கும் இந்த ஊரில் வேறு பெஞ்ச் இல்லை.

4. தேவகி

அந்த வாரமே முனிரத்தினம் வாட்சை மாற்ற வந்தார். கூட தேவகியும் வந்தாள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள், புடவையில் நூல் பிசிர் ஒட்டியிருந்தது. அப்பா கவுன்டரில் செல் வாட்சுகளைப் பார்க்கும்போது அவள் மெதுவாக என் பெஞ்சுப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் அத கையில கட்டுவேன். யாரும் பாக்காதப்ப. சமைக்கசொல்ல, துணி தொவைக்கசொல்ல, முழங்கை வரைக்கும் ஏத்திக்குவேன். அப்பறம் தொடச்சி சாமி ரூம்ல வெச்சிருவேன். அதனாலதான் கெட்டுப்போச்சா?"

கல்யாணமானதிலிருந்து தினமும் கட்டியிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வரும்வரை வாட்ச் ஒரு நாளும் நிற்கவில்லை. அவள் ஆடிக்கு வந்தாள், இரண்டு நாளில் அது நின்றது. இந்தப் பெண் தான்தான் குற்றவாளி என்று இத்தனை நாள் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் கோபத்தில்தான்.

"நீ கட்டினதாலதாம்மா அது ஓடுச்சி," என்றேன். "நீ வந்துட்ட, நின்னுபோச்சி. அவ்வளவுதான்."

அவளுக்குப் புரிகிறவரை ரோட்டரைச் சுற்றிக் காட்டினேன். அவள் அழவில்லை. வாட்சை வாங்கித் தன் மணிக்கட்டில் போட்டாள். ஆண் அளவுச் செயின், தொளதொளவென்று முழங்கை வரை சறுக்கியது.

"எனக்கு அளவு பண்ணிக் குடுங்கக்கா," என்றாள்.

முனிரத்தினம் பதறிப்போய் ஓடிவந்தார். அவர்கள் கேட்டால் என்ன சொல்வது, ஆவணி வருகிறதே, அழைக்க வர மாட்டார்களே என்று மகளிடம் கெஞ்சினார். பரந்தாமனும் தன் பங்குக்கு, மாற்றுவதானால் இன்றே மாற்ற வேண்டும், அளவு குறைக்கச் செயினில் லிங்க் எடுத்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

"வோணாம் நைனா," என்றாள் தேவகி. "செல்லு வாட்ச் குடுத்து என்னிய கூப்டுக்கச் சொல்றியா? செல்லு தீந்தா மறுபடி அனுப்பிருவாங்க. இத நான் கட்டிக்கறேன். கட்டறவங்க வந்து கேட்டா குடுக்கறேன்."

நான் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பின்னைத் தட்டி செயினில் லிங்குகளைக் கழற்றினேன். அவள் மணிக்கட்டுக்குக் கச்சிதமாக நின்றது. கழற்றிய லிங்குகளைச் சின்னக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்து, திரும்பக் கோத்தால் ஆண் அளவு வந்துவிடும், பத்திரமாக வைத்துக்கொள் என்றேன்.

5. மாப்பிள்ளை

ஆவணி பிறந்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து யாரும் அழைக்கப் போகவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் மாப்பிள்ளை தினேஷ் கடைக்கு வந்தான். நல்ல பையன்தான், அதுவும் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். செல் வாட்ச் தயாராக இருக்கிறதா என்று அம்மா கேட்டு வரச் சொன்னாராம்.

"ஒனக்கு வாட்ச் வோணுமா?" என்று கேட்டேன்.

"அம்மா கேட்டாங்க," என்றான்.

ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கட்டாமல் வைத்ததை, அவள் ஒளித்துக் கட்டியதை, அவள் போனதும் அது நின்றதை. கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், அவள் கட்டுவாள் என்று தனக்குத் தெரியாதே என்றான். அதே வீட்டில் இருந்த உனக்குத் தெரியாமல் போனதுதான் இத்தனைக்கும் காரணம் என்றேன். அவன் வாட்ச் எதுவும் வாங்கவில்லை. எதிரே பொதட்டூர்பேட்டை பஸ் நின்றிருந்தது, போய் ஏறினான்.

ஐப்பசியில் அவனும் தேவகியும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அவன் அம்மா கூப்பிடாமலே இவனே போய் அழைத்து வந்திருக்கிறான். அந்த அம்மா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாராம். சேர்ந்துவிட்டார்களே, உனக்குச் சந்தோஷம்தானே என்று கேட்கிறார்கள். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஸ்பிரிங்கில் முறுக்கு தீர்ந்ததற்கு ஒரு பெண் ஆவணியும் புரட்டாசியும் அப்பன் வீட்டில் ஊர் வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை யார் திருப்பித் தருவது?

அதனால் பிள்ளைகளே, கல்யாண வாட்ச் என்று யாராவது வந்தால் விலையைப் பேசுவதற்கு முன், ரோட்டரைத் திருப்பிக் காட்டுவதற்கு முன், தினமும் கட்டுவாரா என்று கேளுங்கள். கட்ட மாட்டார் என்றால் குவார்ட்ஸைக் கொடுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். நான் இப்போது பெஞ்சை விட்டு எழுந்து வந்தே கேட்கிறேன், பரந்தாமன் வாயை மூடிக்கொள்கிறார்.

போன வாரம் தேவகி கண்ணாடி பாலிஷ் போட வந்தாள். வாட்ச் அவள் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. லிங்க் கவர் என்ன ஆனது என்று கேட்டேன். சாமி ரூமில் முருகன் படத்துக்குக் கீழே, பழைய டப்பா இருந்த இடத்தில் வைத்திருக்கிறாளாம். "அவரு கட்டறேன்னு கேட்டா எடுத்துக் குடுப்பேன்க்கா," என்றாள். அவன் இன்னும் கேட்கவில்லை.