கொலையே செய்யாத ஜெயராணி அக்கா

"அக்கா பூட்டாங்க சார்" என்றார் ஜெயராணி அக்காவின் தம்பி, தொலைபேசியில்.

"எங்கே போனார்? கடைசி அத்தியாயம் எங்கே?" என்று கத்தினேன். கெடு நெருங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குப் பஸ் ஏறிவிடுவது அவர் வழக்கம். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் புரிந்தது. அந்தக் கத்தலுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட அக்கா எனக்கு வழி வைக்கவில்லை.

சின்னசேலத்தில் தையல் கடை வைத்திருந்த அவரை, சூனியக்காரி செங்கமலத்தைப் படைத்தவராக நீங்கள் அறிவீர்கள். அவளும், தக்காளி ரசம் மட்டுமே குடிக்கும் ரத்தக்காட்டேரி டேவிட்டும் கல்வராயன் மலையில் துப்பறியும் ஒன்பது கதைகளைக் கள்ளக்குறிச்சியில் நான்தான் பதிப்பித்தேன். ஒன்பதிலும் ஒரு கொலைகூட இல்லை. "ஒரே ஒரு பொணம் போடுங்கக்கா" என்று கெஞ்சியிருக்கிறேன். "எழவு வூட்ல ஒக்காந்து எப்பிடி தம்பி சிரிக்கிறது? கோழி காணாம பூட்டா பத்தாதா?" என்பார்.

கதையையும் தையல் அளவையும் ஒரே நோட்டில் எழுதுவார். மூன்றாவது புத்தகத்தில், "டேவிட் அவள் கழுத்தையே பார்த்தான். முன்கழுத்து ஆறு, பின்கழுத்து எட்டு" என்று அச்சாகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அளவு கரெக்ட்டுதான?" என்றார்.

போன வருடம், அச்சுக்குப் போக வேண்டிய நாளில், திருத்திய படியோடு மலைமேல் கரியாலூர் பக்கம் கிளம்பிவிட்டார். எரிச்சலோடு நானும் துரத்திப் போனேன். அங்கே ஒரு வீட்டின் முன் கூட்டம். ஒருவரின் நான்கு ஆடுகள் ஒரே நாளில் செத்திருந்தன. அந்த வீட்டில் தனியாக வாழ்ந்த பெண் சூனியம் வைத்துவிட்டாள், ஊரை விட்டே துரத்த வேண்டும் என்று கூச்சல். அவள் உள்ளே தாழிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா அந்த வாசற்படியில் போய் உட்கார்ந்தார். "சூனியக்காரிங்கள பத்தி எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும். ஆடு கடைசியா இன்னா தின்னுச்சு?" என்று ஆட்டுக்காரரைக் கேட்டார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். கண்டுகொள்ளவே இல்லை. எங்கே மேய்ந்தது, யார் ஓட்டிப் போனது என்று ஒரு மணி நேரம் கேள்வி. கடைசியில் அந்த மனிதர் குனிந்தபடி ஒப்புக்கொண்டார். அடுத்தவர் மரவள்ளிக் காட்டில் திருட்டுத்தனமாக மேயவிட்டிருக்கிறார். இளம் மரவள்ளித் தழை ஆட்டுக்கு விஷம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைந்தது. கதவைத் திறந்து வந்த பெண், அக்காவின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

"இதத்தான் தம்பி நான் எழுதிக்கினு கீறேன். உனக்குப் பொணம் வேணும்" என்றார் திரும்பும் பஸ்ஸில். நான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அச்சகத்திலிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன.

அடக்கம் முடிந்ததும் அவர் தம்பி கடைசி நோட்டை என் கையில் கொடுத்தார். கதையை முடித்துத்தான் வைத்திருக்கிறார். அதிலும் யாரும் சாகவில்லை.

அந்த நோட்டை நானே வைத்துக்கொள்ளப் போகிறேன். அச்சுக்கு அனுப்பிய படியில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஒரே ஒரு கால்புள்ளியை மட்டும் எடுத்தேன். அதற்கே அக்கா போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் சண்டை போடுவார். இரண்டு நாளாகக் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.