தைலம் ஊற்றிய சப்பாத்து

மாதம் ஒருமுறை, பாயா ரும்புட் கிளினிக்கோடு சேர்ந்து, தாதியர் கல்லூரியில் என்னிடம் படிக்கும் மாணவிகள் இனிப்புநீர் நோய்க்கான இரத்தச் சோதனை செய்வார்கள். இன்று வரிசையில் வந்த பெரியவரிடம் தைல நெடி. அது அவருடைய சப்பாத்திலிருந்து வந்தது.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கும் அப்படித்தான் தாதிகள் வேனில் வருவார்கள். அப்பா மேல் எப்போதும் ஒட்டுப்பால் நாற்றம் இருந்ததால், அவர் கால் அழுகுவது என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. வேன் வரும் நாளில் மட்டும் அந்த நாற்றம் போகக் குளித்துவிட்டு, அழுகல் தெரியாதிருக்க பூட்ஸுக்குள் தைலத்தை ஊற்றுவார்.

"வாயத் தொறக்காத தாயி. கால எடுத்துட்டா யாரு மரம் சீவுறது?"

விரலை மட்டும் நீட்டி ஒரு சொட்டு இரத்தம் கொடுப்பார். எட்டு வயதில் பக்கத்திலேயே நின்ற நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை வேன் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை.

"சப்பாத்தக் கழட்டுங்க ஐயா," என்றேன் பெரியவரிடம்.

"சுகர் மட்டும் பாரும்மா. காலு ஓகே லா."

நானே தரையில் உட்கார்ந்து கழற்றினேன். காலுறை தோலோடு சேர்ந்து வந்தது. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல சொல்லிடாதம்மா."

"சொல்லுவேன்," என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

மாணவிகள் முன்னால் அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.